ஏழாவது ஊசிக்கு நாலு நாள்

ஜனவரி 18

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்பு எப்படி என்று நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: இருக்கிறேன். நீ சௌக்கியமா? அந்தக் குளிரில் சாக்ஸ் போட்டுக்கொண்டு படுக்கிறாயா?

முதல் ஊசி போட்டு எட்டு நாள் ஆகிறது. மூன்று வாரத்துக்கு ஒன்று, மொத்தம் எட்டு. முதல் நாலுக்கு ஒரு மருந்து, பின் நாலுக்கு வேறு மருந்தாம். ஊசி என்று பேர்தான். சாய்வு நாற்காலியில் நாலு மணி நேரம் உட்கார வைத்து பாட்டில் பாட்டிலாக இறக்குகிறார்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஆரம்பித்த வாந்தி ஆறாம் நாள்தான் நின்றது. குடிக்கிற தண்ணீரில்கூட இரும்பு வாசனை. கண்ணாடிக் கடை முதலாளி போன் செய்து, "உங்க மேஜையை யாருக்கும் கொடுக்கல, மெதுவா வாங்க" என்றார். லென்ஸ் மாட்டுகிற வேலைக்கு என்னைப் போல் கை கிடைக்காது என்று அவருக்கே தெரியும்.

நீ போன் செய்ய வேண்டாம் என்று மறுபடியும் சொல்கிறேன். போனில் நீ நர்ஸாகிவிடுகிறாய். காய்ச்சல் எவ்வளவு, வாந்தி எத்தனை தடவை என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தில்தான் என் தங்கையாக இருக்கிறாய்.

பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா. முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவருக்கு அன்றைக்கு ஏழாவது ஊசி. வாசலில் கூட்டமாக நின்றவர்களைப் பார்த்து, "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க" என்று ஒரு குரல் கொடுத்தார். டாக்டரே நகர்ந்துவிட்டார். என் வாயில் ஒரு ஐஸ் கட்டியைப் போட்டு, "மருந்து இறங்குற வரைக்கும் சப்பிக்கிட்டே இரும்மா, வாய் புண்ணாகாது" என்றார். உண்மைதான், இதுவரை புண் வரவில்லை. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

•

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சாக்ஸ் போட்டுக்கொள்கிறேன். நீ தேறி வருகிறாய் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

ஐஸ் கட்டியைப் பற்றி யாருமே சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். டிசம்பர் கடிதத்தை எடு. மூன்றாம் பக்கம், மேலிருந்து ஐந்தாவது வரி. நான் எழுதியதை நீ படிக்கவில்லை. பக்கத்து நாற்காலி அம்மா சொன்னதும் வாயைத் திறந்துவிட்டாய்.

சரி, இதையாவது படி. வாந்தி மாத்திரையை வாந்தி வருவதற்கு முன்னால் போடு. வந்த பிறகு போடுவதில் பிரயோசனம் இல்லை. உப்பும் சமையல் சோடாவும் தண்ணீரில் கரைத்து நாளைக்கு நாலு தடவை வாய் கொப்பளி. இரும்பு வாசனைக்கு மரக் கரண்டி அனுப்புகிறேன். காய்ச்சல் நூறைத் தாண்டினால் காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடாதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. இதெல்லாம் பதினெட்டு வருடம் நர்ஸாக இருப்பவள் சொல்வது. டிக்கெட் கிழித்தவர் சொல்வது இல்லை.

எனக்கு வருடத்துக்கு ஒரே தடவை மூன்று வாரம் லீவு. நீ சொல்லும் அன்று புறப்படுவேன். சீக்கிரமே முடி கொட்டும், அக்கா. அப்போது யாரையும் தொட விடாதே. ஒன்பது வயதில் அம்மா போனதிலிருந்து என் தலையைப் பின்னியவள் நீ. உன் தலையை நான்தான் எடுத்துவிடுவேன். எனக்காகக் காத்திரு.

தங்கை

•

பிப்ரவரி 13

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதமும் பார்சலும் வந்தன. நீ நலமாக இருப்பது தெரிந்து நிம்மதி. உன் வார்டில் காய்ச்சல் குழந்தைகள் குறைந்தார்களா?

இரண்டாவது ஊசியின் வாந்தி நடுவில் உன் கடிதம் வந்தது. அன்றிலிருந்து நீ சொன்னபடி மாத்திரையை முன்னாலேயே போட்டேன், வாந்தி பாதியாகக் குறைந்தது. உன் மரக் கரண்டியில்தான் சாப்பிடுகிறேன். கண்டக்டர் அதில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடச் சொன்னாள். இப்போது இரும்பு வாசனை சுத்தமாக இல்லை.

முடி விஷயம். நீ காத்திருக்கச் சொன்ன கடிதம் வந்தபோது தலையில் ஒன்றும் இல்லை. முப்பதாம் தேதி காலையில் தலையணை முழுக்க முடி. சீப்பை வைத்தால் கொத்தாக வருகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்டக்டருக்குப் போன் செய்தேன். அரை மணி நேரத்தில் தன் முடி வெட்டுகிற மெஷினை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "முதல்ல கையால தொட்டுப் பாரு. கண்ணால அப்புறம் பாக்கலாம், ஒண்ணும் அவசரம் இல்ல" என்றாள். தொட்டுப் பார்த்தேன். இவ்வளவு சின்னத் தலையையா இத்தனை வருடம் தூக்கிக்கொண்டு அலைந்தோம் என்று சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கண்டக்டருக்கு எட்டு ஊசியும் முடிந்துவிட்டன. ஆனாலும் என் தேதிக்கெல்லாம் கூட வருகிறேன் என்கிறாள். பிள்ளை குட்டி கிடையாது, தனிக்கட்டை. உன் அத்தான் போன பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதே அவள் வந்த பிறகுதான்.

லீவை இப்போது எடுக்காதே. பின் நாலு ஊசி இதைவிடக் கடுமை என்று கண்டக்டர் சொல்கிறாள். அப்போது வரலாம்.

உன் அக்கா

•

பிப்ரவரி 25

அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று தெரிகிறது. சிரிக்கிற அளவுக்கு நலம்.

உன் கடிதத்தில் நாலு இடத்தில் கண்டக்டர். எண்ணிப் பார்த்தேன். போன கடிதத்தில் 'அவர்', இந்தக் கடிதத்தில் 'அவள்'. என் லீவு தேதியைக்கூட இப்போது அவர்தான் முடிவு செய்கிறார் போலிருக்கிறது. எனக்குப் போன் கூடாது. அவருக்கு மட்டும் போன் போகிறது.

நான் மறைத்துப் பேசத் தெரியாதவள், உனக்கே தெரியும். எனக்கு வயிறெரிகிறது. இங்கே அடுத்தவர் பிள்ளைகளுக்கு வாந்திச் சட்டி பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் அக்காவுக்குச் சட்டி பிடிக்க வேறு ஒருத்தி. உன் மொட்டைத் தலையை முதலில் தொட்டது அவர் கை. அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறேன் என்று சொல்வாய். சொல்லிக்கொள்.

தங்கை

•

ஏப்ரல் 28

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதமும், ஏன் பதில் இல்லை என்று கேட்டு மார்ச்சில் எழுதியதும் வந்தன. நீ நலம்தானே?

மருந்தை மாற்றிவிட்டார்கள். புது மருந்தில் இரண்டு முடிந்தது. வாந்தி இல்லை. சாப்பிடுகிறேன். முட்டியில் வலி, படுத்தால் சரியாகிவிடுகிறது. மற்றபடி ஒன்றும் இல்லை. ஏழாவது மே 16. எட்டாவது ஜூன் 6. ஜூலையில் கடைக்கு வந்துவிடுவேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். எல்லாம் முடிந்ததும் நீ வா, நிம்மதியாக இருக்கலாம்.

எழுத்தைப் பார்த்து வையாதே. படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அக்கா

•

மே 3

மரியாதைக்குரிய தங்கச்சிக்கு,

வணக்கம். நான்தான் கண்டக்டர். முன்பின் பார்க்காதவள் எழுதுகிறேனே என்று தப்பாக நினைக்க வேண்டாம். உங்கள் விலாசம் உங்கள் அக்கா மேஜையில் இருந்த கவரில் பார்த்தது. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் அக்காவுக்கு விரலெல்லாம் மரத்துப்போகிறது. மூன்று வாரமாகச் சட்டைப் பட்டனை நான்தான் போட்டுவிடுகிறேன். டம்ளர் கையில் நிற்கவில்லை. உங்களுக்குப் போன கடிதத்தை எழுத இரண்டு நாள் ஆயிற்று. டாக்டர் கேட்டார், "விரல் மரத்துப்போகுதா?" என்று. நான் பக்கத்திலேயே நிற்கிறேன். "இல்லையே" என்கிறாள். வெளியே வந்து கேட்டால், "சொன்னா மருந்தைக் குறைச்சிடுவாங்க, குறைச்சா நோய் திரும்பி வந்துடும்" என்கிறாள். எனக்கும் கால் விரல் மரத்தது. சொன்னேன், குறைத்தார்கள், நன்றாகத்தான் இருக்கிறேன். அதைச் சொன்னால் கேட்கிறாளா? "நீ என்ன டாக்டரா? என் தங்கச்சி நர்ஸு, அவ சொன்னா கேப்பேன். ஆனா அவகிட்ட சொல்லாதே, பயந்துடுவா" என்கிறாள். டாக்டரிடம் நானே போட்டு உடைத்தால் இனி என் முகத்தில் முழிக்காதே என்று வேறு சொல்லிவிட்டாள். பஸ்ஸாக இருந்தால் விசில் ஊதி நிறுத்தியிருப்பேன்.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஏழாவது ஊசி 16ஆம் தேதி. அதற்குள் ஒரு போன் போட்டு இரண்டு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

இப்படிக்கு,
கண்டக்டர்

•

மே 12

அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் இன்று கிடைத்தது.

நீங்கள் சொல்லும் மரத்துப்போதல் இந்த மருந்தில் எல்லோருக்கும் வருவதுதான். அதைப் பார்க்க அங்கே டாக்டர் இருக்கிறார். உங்களுக்கு சிகிச்சை முடிந்துவிட்டது, நீங்கள் ஓய்வெடுங்கள். தினமும் அந்த வீட்டுக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. எங்கள் அக்கா விஷயத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அவளுக்குத் தெரியாமல் எனக்கு எழுதுவதும் அழகில்லை.

நன்றி.

•

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் நலம்தான். இங்கே வெயில் வந்துவிட்டது. வார்டில் பாதிக் கட்டில் காலி.

உன் சின்னக் கடிதம் கிடைத்தது. மற்றபடி ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். அக்கா, நீ என்னிடம் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா? எதுவாக இருந்தாலும் நீ சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றவர் சொல்லித் தெரிந்துகொள்கிற நிலைமையில் என்னை வைக்காதே.

பதில் போடு.

தங்கை

•

ஜூன் 3

என் கண்ணே,

மார்க்கர் பேனாவைக் கை நிறையப் பிடித்து எழுதுகிறேன், அதனால் எழுத்தெல்லாம் சுவர் விளம்பரம் மாதிரி இருக்கும். நீ நலமாக இரு.

நீ கேட்ட உடனே சொல்லியிருக்க வேண்டும். ஏப்ரலிலிருந்து விரல் மரத்துப்போகிறது. டாக்டரிடம் இல்லை என்று சாதித்துவிட்டேன். மருந்தைக் குறைத்தால் செத்துப்போவேன் என்று பயம். ஏழாவது ஊசிக்குப் பிறகு இரண்டு கையும் என்னுடையது மாதிரியே இல்லை. போன 27ஆம் தேதி அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கினேன். துணி பிடிக்க மறந்துவிட்டேன். சூடே தெரியவில்லை. ஏதோ தீய்கிற வாசனை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன், என் உள்ளங்கை.

இடது கையில் கட்டு. டாக்டர் குண்டூசியால் ஒவ்வொரு விரலாகக் குத்திப் பார்த்தார். மூன்று விரலில் ஒன்றுமே தெரியவில்லை. "ஏழாவதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டோஸைக் குறைச்சிருப்பேனே, இவ்வளவு தூரம் வந்திருக்காதே" என்றார். எட்டாவதைத் தள்ளி வைத்துவிட்டார். முதலாளி வந்து பார்த்தார். மேஜையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நீ நர்ஸ், உனக்குத் தெரியும். இது போகுமா?

அந்தக் கண்டக்டர் 22ஆம் தேதியிலிருந்து வரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். போன் செய்தால், "கொஞ்சம் வேலை இருக்கு" என்கிறாள். அடுப்பு வேலையெல்லாம் அவள்தான் செய்துகொண்டிருந்தாள். அவள் இருந்திருந்தால் நான் அந்தப் பாத்திரத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன். நீ அப்போதே எழுதினாய், நான்தான் கேட்கவில்லை. யாரோ ஒருத்தியை நம்பி உன்னைத் தள்ளி வைத்தேன். அவளைப் போல் ஆயிரம் பேர் வருவார்கள், போவார்கள். உன்னை விட்டால் எனக்கு யார்?

வந்துவிடு. இனி உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன்.

உன் அக்கா

•

ஜூன் 11

அக்கா,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை.

இத்துடன் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. உன் கண்டக்டர் மே 3ஆம் தேதி எனக்கு எழுதியது. அது மே 12ஆம் தேதி காலை என் கைக்கு வந்தது. உன் ஏழாவது ஊசிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

போனை எடுத்தேன், அக்கா. உன் நம்பரை அடித்தும்விட்டேன். நீ எடுத்தால் என்ன சொல்வது? 'கண்டக்டர் எழுதியிருக்கிறார்' என்று ஆரம்பிக்க வேண்டும். அந்த வாக்கியம் என் வாயில் வரவில்லை. மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். தினமும் காலையில் அவர் உனக்குப் பட்டன் போட்டுவிடுகிறார். உனக்கு விரல் மரத்தது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் என் கண்ணில் பட்டது. நீயாக என்னிடம் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாகக் காத்திருந்தேன். நான் சொன்னால் நீ கேட்பாய் என்று அதே கடிதத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டும் காத்திருந்தேன்.

அதற்கு முன்னால் உன் கோணல் கையெழுத்து வந்தது. என் வார்டில் எந்தத் தாயின் எழுத்து அப்படி மாறியிருந்தாலும், "கை காட்டுங்க" என்றிருப்பேன். உன் எழுத்தைப் பார்த்து, எனக்கென்றால் கிறுக்கல் போதும் என்று நினைத்துவிட்டாய் என்றுதான் கோபப்பட்டேன்.

அவர் சொல்லாமல் நிற்கவில்லை. இனி அந்த வீட்டுக்கு வர வேண்டாம் என்று எழுதியது நான். இதை உன்னிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம் நான். நீ என்னைத் தவிர யாரும் இல்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆறு மாதமாக எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான். அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடலாம் என்று இரண்டு நாள் இருந்தும் பார்த்தேன். முடியவில்லை.

இது போகுமா என்று கேட்டாய். பலருக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறையும். சிலருக்குக் கொஞ்சம் நின்றுவிடும். உனக்கு எது என்று எனக்குத் தெரியாது. ஏழாவதுக்கு முன்னால் குறைத்திருந்தால் உன் விரலுக்கு இவ்வளவு வந்திருக்காது. கண்டக்டர் அந்த வீட்டில் இருந்திருந்தால் உள்ளங்கை வெந்திருக்காது. இரண்டும் என்னால்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ வா என்றால்தான் வருவேன்.

தங்கை

•

ஜூலை 9

தங்கைக்கு,

ஒரு மாதம் உனக்கு எழுதவில்லை. கை வலி காரணம் இல்லை.

உன் கடிதத்தைப் படித்த அன்றே அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டு மாடி ஏறி இறங்க மூச்சு முட்டிவிட்டது. நீ அவளுக்கு எழுதியதைக் காட்டச் சொன்னேன். "அதெல்லாம் எங்கயோ போச்சு" என்றாள். அலமாரியில் மருந்துச் சீட்டுக்கு அடியில் இருந்தது. நான்தான் தேடி எடுத்தேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் சொன்னது இதுதான்: "கூடப் பிறந்தவ போகச் சொன்னா போகத்தானே வேணும்? நான் எதுக்கு உங்களுக்குள்ள மூட்டிவிடணும்? எனக்காக வயிறெரிய உலகத்துல ஒருத்தி இருந்தா, நானும் அவளை விட்டுக் கொடுக்க மாட்டேன்."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உனக்காகவா அவளுக்காகவா தெரியவில்லை.

எட்டாவது ஊசி குறைத்த அளவில் போட்டாயிற்று. முதலாளி என்னைக் கடை முன்னால் ஆட்களைக் கவனிக்கிற வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார். என் மேஜையில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் நன்றாகத்தான் செய்கிறாள். அவள் ஸ்க்ரூ மாட்டுவதைப் பார்க்கும்போது உன்னை நினைத்துக்கொள்கிறேன், நல்ல விதமாக இல்லை.

டாக்டரிடம் பொய் சொன்னது நான். அதை உன் தலையில் போட மாட்டேன். ஆனால் அந்த நாலு நாள் உன்னுடையது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை. எப்போது வரும் என்றும் தெரியவில்லை.

நீ வா. மூன்று வாரமும் இரு. நான் முகம் கொடுத்துப் பேசுவேன் என்று எதிர்பார்க்காதே. எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறது, எதைப் பிடிக்க முடியும், எதை முடியாது, எல்லாம் கண்டக்டருக்குத் தெரியும். அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வா. மறுபடி முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

அக்கா

•

ஜூலை 18

மரியாதைக்குரிய கண்டக்டர் அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் சுகமா? உங்கள் கால் விரல் இப்போது எப்படி இருக்கிறது? இதை முதலில் நீங்கள் எழுதியபோதே கேட்டிருக்க வேண்டும்.

என்னை மன்னியுங்கள் என்று எழுதினால் அது சின்னதாக இருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன்.

நர்ஸ்கள் வேலை மாறும்போது, போகிறவள் வருகிறவளிடம் ஒவ்வொரு கட்டிலாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எந்த நோயாளி எதற்கு அழுவாள், எதைச் சொன்னால் சாப்பிடுவாள் என்பது வரைக்கும் சொல்ல வேண்டும். பதினெட்டு வருடமாக அதை எத்தனையோ பேரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். என் சொந்த அக்காவைப் பற்றி இன்னொருவரிடம் கேட்க வேண்டி வரும் என்று நினைத்ததில்லை. அவள் எப்படித் தூங்குகிறாள்? தலையில் முடி வர ஆரம்பித்துவிட்டதா, எந்த நிறத்தில்? கட்டு அவிழ்க்கும்போது பயப்படுகிறாளா? எது சொன்னால் சிரிக்கிறாள்? இந்தக் கேள்விகளை எழுதும்போதுகூட எனக்கு எரிகிறது, அக்கா. பொறாமை போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அது என்னோடு விமானத்தில் ஏறி வரத்தான் போகிறது.

ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை வந்து சேருவேன். நான் வந்துவிட்டேன் என்று நீங்கள் நின்றுவிடாதீர்கள். நான் கதவைத் தட்டும்போது நீங்கள் உள்ளே இருக்க வேண்டும். நீங்கள் இல்லாமல் அவள் எனக்குக் கதவைத் திறப்பாளா என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
தங்கச்சி